வறண்ட சரிவில் ஓடைக்கீரை

அந்த வருடம் குளிர் விட்டு வெயில் தலைகாட்டியதும் கீரைக்காரிக்குப் பெரிய யோகம் அடித்தது. முதலில் அவள் அப்படித்தான் நினைத்தாள்.

மலையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்த ஊர் அது. ஒரு பேருந்து நிலையம், ஒரு சந்தை, மரம் அறுக்கும் பட்டறை. பட்டறைக்கு மேலே, சரிவை வெட்டிச் சமன் செய்து கட்டிய வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. அதை மேல்வரிசை என்பார்கள். வீடுகளின் பின்கட்டில் ஆளுயரத் தாங்குசுவர். சுவரைத் தாண்டினால் ஊசியிலை மரங்கள். காடு அங்கேயே தொடங்கிவிடும்.

காட்டில் தானாக முளைப்பதைப் பறித்துச் சந்தையில் விற்பதுதான் கீரைக்காரியின் பிழைப்பு. வெயில் தொடங்கும்போது பெரணியின் சுருள் தளிர். அதை வேகவைத்து முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றைக் கலக்கிவிடும். அப்புறம் காஞ்சொறி, கையில் துணி சுற்றிக்கொண்டுதான் கிள்ள முடியும். மழை பெய்து விட்டால் காளான். அவள் கணவன் தச்சன். இருவர் தொழிலுக்கும் காடுதான் ஆதாரம் என்றாலும், அவன் காட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. "மரம் பலகையானதுக்கு அப்புறம்தான் எனக்கு அது கூட பேச்சுவார்த்தை" என்பான்.

அன்று அவள் பெரணித் தளிர் தேடித்தான் மேல்வரிசைக்கு மேலே இருந்த சரிவில் ஏறினாள். அது எப்போதும் வறண்டு கிடக்கிற இடம். காய்ந்த ஊசியிலைகள் மெத்தையாகக் கிடக்கும், செருப்பு வழுக்கும், வேறொன்றும் இருக்காது. ஓரமாக நாலு பெரணிச் செடி உண்டு, அவ்வளவுதான். பாதி ஏறியபோது வலது கால் பொதக்கென்று உள்ளே போனது. செருப்புக்குள் நீர் ஏறிச் சில்லிட்டது. குனிந்து பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஓடைக்கீரை. வட்ட வட்ட இலை, தண்டில் வெள்ளை நரம்பு. கிள்ளி வாயில் போட்டாள். நாக்கில் மெதுவாகக் காரம் ஏறியது. சந்தேகமே இல்லை.

ஓடைக்கீரை நீரோட்டம் இல்லாத இடத்தில் உயிர் பிடிக்காது. கீழே ஓடைக்கரையில் அதற்காகப் பெண்கள் விடியும்போதே முட்டி மோதுவார்கள். சந்தையில் கூடையை இறக்கி வைப்பதற்குள் தீர்ந்துபோகும். இங்கேயோ ஒரு போட்டியும் இல்லாமல் சரிவின் குறுக்கே பாய் விரித்த மாதிரி கிடந்தது. அவள் இரண்டு கையாலும் பறித்தாள்.

கூடை முக்கால் நிறைந்திருக்கும். தரைக்கு அடியில் எங்கோ, கெட்டித் துணியை யாரோ மெதுவாகக் கிழிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்தாள். காற்று இல்லை. ஓர் இலை அசையவில்லை.

"யாரது?"

பதில் இல்லை. சத்தமும் மறுபடி வரவில்லை. ஏதாவது பன்றி வேரைக் கிளறியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் மீதியைப் பறிக்கக் கை போகவில்லை. வழக்கத்தைவிட வேகமாகக் கீழே இறங்கினாள்.

சந்தையில் அவளுக்கு அடுத்த இடம் சிட்டுவுடையது. ஒல்லி உடம்பு, வெடுக்கென்ற நடை, ஓர் இடத்தில் நில்லாத கண். அதனால் அந்தப் பெயர். கணவன் இறந்து வெகுகாலம் ஆயிற்று. ஒரே மகள் கீழே சமவெளியில் துணிக்கடையில் வேலை பார்த்தாள். கீரைக்காரியும் சிட்டுவும் ஒரே டம்ளரில் டீயைப் பங்கிட்டுக் குடிப்பவர்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி கஞ்சி வைத்துக்கொண்டு போய் நிற்பாள். ஆனால் பறிக்கிற இடம் என்று வந்துவிட்டால் இருவரும் பரம விரோதிகள்.

"எங்கடி கெடச்சுது இது?" சிட்டு கூடைக்குள் தலையை விட்டாள். "நேத்து ஓடைப் பக்கம் நானும்தான் போனேன். ஒரு எல இல்ல."

"என் மாமியார் வீட்டுக் கொல்லையில."

"உன் மாமியாருக்குக் கொல்லை ஏது? அந்தம்மாவுக்கு இருந்ததெல்லாம் வாய் மட்டும்தான்."

இருவரும் சிரித்தார்கள். இது அவர்களுக்குள் பல வருட விளையாட்டு. ஒரு வருடம் காளான் விளைந்த பள்ளத்தைக் காப்பாற்ற, "அந்தப் பக்கம் போயிடாத, குட்டி போட்ட கரடி திரியுது" என்று கீரைக்காரி கண்ணை உருட்டிச் சொன்னாள். சிட்டு இரண்டு வாரம் நம்பினாள். பதிலுக்கு அவள், கறுப்புப் பழம் காய்த்த புதருக்குள் விஷக் குளவி கூடு கட்டியிருப்பதாகத் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். உண்மை தெரிந்த அன்று இருவரும் நடுச்சந்தையில் கட்டிப் புரளாத குறை. மறுநாள் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். அதன்பிறகு ஒருத்தி "போகாதே" என்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று மற்றவளுக்கு அர்த்தம்.

அதே சமயத்தில் தச்சனுக்கும் வேலை கொட்டியது. சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் தலைமுடியெல்லாம் மரத்தூள்.

"மேல்வரிசைல ஒரு கதவுகூட ஒழுங்கா சாத்திக்க மாட்டேங்குது. இன்னிக்கு மட்டும் நாலு வீடு. எழச்சுக் குடுத்துட்டு வந்தா ரெண்டு நாள்ல மறுபடி கூப்பிடறாங்க, 'என்னய்யா வேல பாத்த'ன்னு."

"ஈரத்துல மரம் ஊதியிருக்கும்."

"வெயில் காலத்துல ஊதுமா? அதுவும் எல்லா வீட்லயும் ஒரே பக்கமா, மேல் மூலையில? நிலையே சாஞ்ச மாதிரி இருக்கு."

"உங்களுக்கென்ன, வேலதான? எனக்குக் கீரை, உங்களுக்குக் கதவு. இந்த வருஷம் நமக்கு நல்ல நேரம்."

அவன் சிரித்தான். ஆனால் எழுந்ததும் தன் வீட்டுக் கதவை ஒருமுறை சாத்திப் பார்த்தான்.

தச்சனின் தங்கை மேல்வரிசையில்தான் குடியிருந்தாள். கணவன் பேருந்து ஓட்டுநர். வீட்டில் ஒரு கைக்குழந்தை. கீரைக்காரி ஒரு பிடி ஓடைக்கீரையை எடுத்துக்கொண்டு நாத்தனாரைப் பார்க்கப் போனாள். கதவைத் தட்டினாள்.

"தோளால இடிங்க அண்ணி!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இடித்துக்கொண்டு உள்ளே போய் விழாத குறை. நாத்தனார் சிரித்தாள். "திருடன் வந்தாக்கூட தோள் எறங்கிப் போயிடும். அண்ணன் மூணு தடவ எழச்சாச்சு."

கீரையைக் கழுவக் குழாயைத் திறந்தார்கள். செம்மண் கரைத்த மாதிரி தண்ணீர் வந்தது. கொஞ்சம் விட்டால் தெளியும் என்றாள் நாத்தனார். விட்டார்கள். தெளியவில்லை.

பின்கட்டில் ஈரத் துணிகள் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தன. கொடிக்கம்பி தொய்ந்து தொங்கியது. அதன் ஒரு முனை வீட்டுச் சுவரில் அடித்த கொக்கியில், மறுமுனை தாங்குசுவருக்கு மேலே நின்ற மரத்தில். தச்சன்தான் சென்ற வருடம் கட்டிக் கொடுத்திருந்தான். வீணைத் தந்தி போல விறைப்பாக இருக்கும்.

"இது ஏன் இப்படிக் கெடக்கு?"

"எங்க வீட்டுக்காரரோட கம்பளியக் காயப்போட்டா எந்தக் கம்பிதான் தாங்கும்? நானும் இழுத்து இழுத்துச் சுத்தறேன். மறுபடி தொங்குது."

கீரைக்காரி மரத்தைப் பார்த்தாள். கொக்கியில் சுற்றிச் சுற்றிச் சேர்ந்திருந்த கம்பியைப் பார்த்தாள். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கிளம்பினாள்.

அடுத்த முறை சரிவுக்குப் போனபோது கீரை இன்னும் அடர்ந்திருந்தது. அவள் பறிக்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மேலே ஏறினாள். ஒரு பெரிய மரத்தின் பின்னால் நிலம் பிளந்திருந்தது. கை நுழையும் அகலம். பிளவின் குறுக்கே ஒரு வேர், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி நின்றது. தோல் உரிந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. அவள் கையிலிருந்த கம்பை உள்ளே விட்டாள். அடி தட்டவில்லை. முழங்கை வரை கையை இறக்கியும் தட்டவில்லை. கம்பை விட்டுவிட்டாள். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.

பிளவின் ஓரமாகவே நடந்தாள். அது நேராகப் போகவில்லை. பிறை மாதிரி வளைந்து, இரண்டு முனையும் கீழ்நோக்கி இறங்கின. ஒரு முனையில் நின்று பார்த்தபோது நேர் கீழே மேல்வரிசையின் முதல் வீட்டு ஓடு தெரிந்தது. மறுமுனைக்குக் கீழே கடைசி வீடு.

அப்போது அவள் காலுக்குக் கீழே மறுபடி அந்தத் துணி கிழிகிற சத்தம் கேட்டது. இந்த முறை பன்றி என்று சொல்லிக்கொள்ள அவளால் முடியவில்லை.

வீட்டுக்கு ஓடி வந்து எல்லாவற்றையும் சொன்னாள். தச்சன் கேலி செய்யவில்லை. இழைப்புளியைக் கீழே வைத்தான்.

"கொடிக்கம்பி தொங்குதுன்னா சொன்ன?"

"ஆமா."

"கம்பி நீளாதுடி. அது இரும்பு." அவன் குரல் இறங்கிவிட்டது. "மரம் கிட்ட வந்திருக்கு."

அப்போதே இருவரும் மேல்வரிசைக்குப் போனார்கள். ஓட்டுநர் அன்று விடுப்பில் வீட்டு வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நாத்தனார் குழந்தையை உள்ளறையில் தூங்கப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். தச்சன் சொல்லச் சொல்ல ஓட்டுநர் முகத்தில் சிரிப்பு விரிந்தது.

"மச்சான், கதவு ஒட்டுதுன்னு யாராச்சும் வீட்டக் காலி பண்ணுவாங்களா? அக்கா, நீங்களாவது சொல்லுங்க. இந்த மல எங்க தாத்தா காலத்துலேருந்து இங்கதான் நிக்குது. இப்ப மட்டும் அதுக்கு எங்க போக அவசரம்?"

"நான் கண்ணால பாத்தேன் தம்பி. கைய விட்டேன். அடி இல்ல."

"குளிர்ல மண்ணு வெடிக்கும்க்கா. வெயில் அடிச்சா சேந்துக்கும்."

அவர் சொல்லி முடிக்கவில்லை. வீட்டுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடியின் குறுக்கே முடி மாதிரி ஒரு கோடு ஓடியது. அடுத்த நொடி உள்ளறைக் கதவு, யாரும் தொடாமல், தானாகத் திரும்பிச் சென்று நிலையில் போய் அறைந்தது. குழந்தை வீறிட்டது.

நாத்தனார் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. ஓட்டுநர் தோளால் மோதினார். ஒருமுறை, மறுமுறை. கதவு கல்லாக நின்றது. மேல் நிலைச் சட்டம் அவர்கள் கண்ணெதிரே கதவின் தலையில் அழுந்தி இறங்கிக்கொண்டிருந்தது. பலகையிலிருந்து சிலாம்பு தெறித்தது. உள்ளே குழந்தை மூச்சு முட்ட அழுதது.

"நகருங்க மாப்ள!" தச்சன் பின்கட்டில் கிடந்த கடப்பாரையோடு வந்தான். பூட்டுப் பக்கம் போகவில்லை. கீல் இருக்கும் பக்கம் நெம்பினான். தான் செய்து மாட்டிய கதவை இரண்டாகப் பிளந்தான். இடைவெளியில் நாத்தனார் உடம்பை நுழைத்தாள். தோளில் ரத்தம் வந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை. குழந்தையோடு வெளியே வந்து தெருவில் உட்கார்ந்து, "அண்ணி, அண்ணி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓட்டுநர் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். தொப்பையும் மூச்சு வாங்கலுமாக இருந்தாலும், விஷயத்தைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டார். கீரைக்காரி வழி காட்ட, சரிவில் தவழாத குறையாக ஏறினார். பிளவைப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டுவிட்டுக் காதைச் சாய்த்தபடி நின்றார். பிறகு அவளிடம், "எறங்கும்மா. வேகமா எறங்கு. ஓடாத, அதிராம நட" என்றார். அன்று இருட்டுவதற்குள் மேல்வரிசை காலியானது. பாத்திரமும் பாயுமாகச் சனங்கள் பள்ளிக்கூடத்தில் ஒண்டினார்கள். நாத்தனார் குடும்பம் தச்சன் வீட்டுக்கு வந்தது. சரிவுக்குப் போகும் பாதையில் கயிறு கட்டி, ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்தினார்கள்.

அதன்பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

பகலெல்லாம் வெயில் சுள்ளென்று அடித்தது. மலை எப்போதும் போல நின்றது. பள்ளிக்கூடத்தில் தண்ணீருக்குச் சண்டை வந்தது. "ஒரு கீரைக்காரி பேச்சக் கேட்டுட்டு ஊரே தெருவுக்கு வந்தாச்சு" என்று ஒருவர் அவள் காதுபடவே சொன்னார். சிலர் கயிற்றைத் தாண்டி வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுக்கூட வந்தார்கள். கீரைக்காரி தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். ஆனால் தாங்குசுவரின் துளைகளிலிருந்து கலங்கல் நீர் வழிந்துகொண்டே இருந்தது. அதைத் தினமும் போய்ப் பார்த்தாள்.

சந்தையில் சிட்டு அவளைப் பார்த்ததும் பல்லைக் காட்டினாள்.

"இதானா உன் மாமியார் வீட்டுக் கொல்லை? மேல்வரிசைக்கு மேல! அடி கள்ளி. நானும் ஓடையெல்லாம் மோப்பம் புடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்."

"சிட்டு, அங்க போகாத."

சொன்ன உடனே, சொல்லியிருக்கக் கூடாதோ என்று கீரைக்காரிக்குப் பட்டது. சிட்டுவின் கண்ணில் அந்தப் பழைய மினுமினுப்பு ஏறிவிட்டது.

"ஏன், கரடியா?"

"வெளையாடாதடி. மல பொளந்திருக்கு."

"கரடி வந்துச்சு, குளவி வந்துச்சு, இப்ப மலையே வந்துருச்சு! உன் கூட போட்டி போட நம்மால ஆகாதும்மா."

"மேற்பார்வையாளரே பாத்துட்டு..."

"அந்த ஆளு ரெண்டு படி ஏறினாலே ஒலகம் அழிஞ்ச மாதிரி மூச்சு வாங்குவாரு."

"சத்தியமா சொல்றேன்."

"நாமளும் சத்தியமும்!" சிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

கீரைக்காரி கூடையைத் தள்ளி வைத்தாள். எப்படிச் சொன்னால் இவள் நம்புவாள்? யோசித்துப் பார்த்து, தன்னிடம் இருந்ததிலேயே பெரிய பொருளை எடுத்து முன்னால் வைத்தாள். சிட்டுவை ஓரமாக அழைத்துப் போய், யாரிடமும், கணவனிடமும்கூடச் சொல்லாத வேறொரு காளான் பள்ளத்துக்கு வழி சொன்னாள். எந்த ஓடையைத் தாண்ட வேண்டும், எந்தப் பாறையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும், விழுந்த மரத்தின் எந்தப் பக்கம் முதலில் முளைக்கும், ஒன்றையும் மறைக்கவில்லை.

"இனிமே அது உன்னுது. நான் அங்க காலெடுத்து வைக்க மாட்டேன். அந்தச் சரிவுக்கு மட்டும் போகாத."

சிட்டு சிரிப்பதை நிறுத்தினாள். அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு கணம், நம்பிவிட்டாள் என்றே கீரைக்காரி நினைத்தாள்.

"சரி," என்றாள் சிட்டு மெதுவாக. "போகல போ."

ஆனால் சந்தை கலைகிற நேரத்தில் அவள் டீக்கடைக்காரரிடம் சொன்னதை அவர் பிற்பாடு சொன்னார்: "காளான் பள்ளத்தையே தூக்கிக் குடுக்கறான்னா, மேல எவ்வளவு கெடக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்கண்ணே!"

மறுநாள் காலை சிட்டுவின் இடம் காலியாக இருந்தது. காளான் பள்ளத்துக்குப் போயிருப்பாள் என்று கீரைக்காரி தன்னைத் தேற்றிக்கொண்டாள். கூடையைப் பிரித்தாள், மறுபடி மூடினாள். டீக்கடைக்காரர் அந்தப் பேச்சைச் சொன்னது அப்போதுதான். அவள் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

கயிற்றருகே காவலாள் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "இந்தப் பக்கம் ஈ காக்கா போகலம்மா" என்றார். கீரைக்காரிக்குத் தெரியும், சிட்டுவுக்குப் பாதை தேவையில்லை. ஓடைப் பக்கமாகப் பாறையில் தொற்றி ஏறிவிடுவாள். அவள் கையைக் குவித்து வாயில் வைத்து, காட்டில் ஒருவரையொருவர் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"ஊஊய்!"

ஒன்றும் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். மரங்களுக்கு நடுவே, வெகு மேலேயிருந்து, சந்தோஷமான குரல் ஒன்று வந்தது.

"ஊஊய்! வந்துட்டியா கள்ளி! தாங்க முடியலல்ல?"

"எறங்கி வாடி! சிட்டு! எறங்கு!"

"எம்மாடி, எவ்ளோ கெடக்கு! வா, உனக்கும் பங்கு தரேன்!"

கீரைக்காரி கயிற்றைத் தூக்கி நுழையப் போனாள். காவலாள் அவள் சேலையைப் பிடித்து இழுத்தார். இருவரும் தடுமாறிய அந்த நேரத்தில்தான் அவள் பார்த்தாள். மரங்கள் நடந்தன. விழவில்லை, சாயவில்லை, நின்ற வாக்கிலேயே, கூட்டமாக, சத்தமில்லாமல் கீழ்நோக்கி வரத் தொடங்கின. கண்தான் ஏமாற்றுகிறது என்று ஒரு மூச்சு நேரம் தோன்றியது. பிறகு சத்தம் வந்தது. காதால் கேட்பதற்கு முன் அதைப் பாதம் கேட்டது.

காவலாள் அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினார். பின்னால் தாங்குசுவர் வெடித்தது. மேல்வரிசை முழுவதும், கூரை ஓடுகளும் சுவர்களும் தச்சன் இழைத்து இழைத்துச் சரிசெய்த கதவுகளுமாக, கையால் வழித்துவிட்ட மாதிரி கீழே போனது. மரப் பட்டறையின் சுவரை முட்டித்தான் மண் நின்றது. ஊர் மேல் மஞ்சள் தூசி கவிந்தது. வீடுகளில் ஒரு சனமும் இருக்கவில்லை. அன்று காலை சமைக்கப் போக நினைத்திருந்தவர்களும் தண்ணீர்ச் சண்டையில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்திலேயே இருந்தார்கள்.

கீரைக்காரி தூசிக்குள் நின்றுகொண்டு கூப்பிட்டாள். விடாமல் கூப்பிட்டாள். ஓட்டுநரும் தச்சனும் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது குரல் போய், வெறும் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

பல நாள் தேடினார்கள். தோண்டிய பள்ளத்தில் மேலிருந்து சேறு இறங்கி நிரப்பிக்கொண்டே இருந்தது. மேலே இன்னொரு பிளவு விட்டிருப்பதைப் பார்த்த மேற்பார்வையாளர், இனி ஓர் ஆளைக்கூட அங்கே நிறுத்த முடியாது என்று வேலையை நிறுத்தினார். அதைச் சொல்ல, சமவெளியிலிருந்து வந்திருந்த சிட்டுவின் மகளிடம் அவரே வந்தார். சொல்லிவிட்டு, போகாமல், தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார். அடுத்த தெருவையும் காலி செய்யச் சொன்னார்கள். இந்த முறை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மகள் தாயின் சாயல். கண் மட்டும் நிதானமானது. சமவெளிக்குத் திரும்புகிற அன்று கீரைக்காரி வீட்டுக்கு வந்தாள். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"பெரியம்மா, அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?"

மாற்றிச் சொல்லலாமா என்று கீரைக்காரி நினைத்தாள். முடியவில்லை. "வா, உனக்கும் பங்கு தரேன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா."

"நீங்க போக வேணாம்னு சொன்னீங்களாமே."

"சொன்னேன் கண்ணு. எப்படியெல்லாமோ சொன்னேன்."

"ஃபோன்ல எப்பப் பாத்தாலும் உங்க கததான். 'அவ கிழக்கன்னா நான் மேக்க போவேன், கூடை நெறஞ்சிரும்'பாங்க. சொல்லிட்டு அவங்களே சிரிப்பாங்க." அதைச் சொன்னபோது மகளுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு வாயிலேயே உடைந்து அழுகையாயிற்று. கீரைக்காரி அவளை அணைத்துக்கொள்ளக் கையை நீட்டினாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். மகளே நகர்ந்து வந்து அவள் தோளில் சாய்ந்தாள்.

ஓட்டுநர் தன் பேருந்திலேயே அவளை அழைத்துப் போனார். வளைவில் வண்டி மறையும்வரை கீரைக்காரி நின்றாள். சமவெளிக்குப் போகும் சாலை அந்த மண் மேட்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வண்டி அந்த இடத்தில் மெதுவாக, அதிராமல், நகர்ந்தது.

வீட்டில் தச்சன் தங்கை குடும்பத்துக்காகப் பின்பக்கம் ஒரு மறைப்பு எழுப்பிக்கொண்டிருந்தான். அவள் வாசலில் உட்கார்ந்ததைப் பார்த்து உளியைக் கீழே வைத்தான்.

"இனிமே காட்டுக்குப் போக வேணாம் நீ."

அவள் தரையில் கிடந்த மரச்சீவலை எடுத்து விரலில் சுற்றினாள். பிறகு கேட்டாள்: "போகாதன்னு நீங்க சொல்றது நெசமா, பொய்யான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

உள்ளே குழந்தை முழித்துக்கொண்டு அழுதது. அவள் எழுந்து போனாள்.